கோயில் சுற்றுலாவுக்கு முன்பணம் கேட்கிறார்கள்: அட்டோல் உரிமம் இல்லாமல் கொடுக்கலாமா?

மருதநிலா (தொடக்கப் பதிவு)

இலண்டன்வாழ் நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பகுதிக் கோயிலுக்கு வரும் பெரியவர் ஒருவர் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றுலா அழைத்துச் செல்கிறார். இந்த முறை என் மாமியார், அவருடைய தங்கை, நான் என மூவரும் சேரலாம் என்று இருக்கிறோம். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பைச் சுருக்கித் தருகிறேன்:

"இலண்டன் - சென்னை விமானம், குளிர்சாதனப் பஸ், தங்கும் விடுதி, காலை உணவு உட்பட ஒருவருக்கு 1,690 பவுண்ட். காஞ்சிபுரம், சிதம்பரம், கும்பகோணம் நவக்கிரகத் தலங்கள், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர். முன்பணம் 400 பவுண்ட். ரொக்கமாகக் கொடுப்பவர்களுக்கு 40 பவுண்ட் தள்ளுபடி. எந்தக் காரணத்துக்காகவும் பணம் திருப்பித் தரப்படமாட்டாது."

பணத்தை அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டுமாம். என் கணவர், விமானப் பயணம் விற்பவர்களுக்கான அட்டோல் உரிமம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான், நாம் சின்னக் குழு" என்று பதில் வந்திருக்கிறது. இது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை

அக்கா, நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. பெயரை இங்கே எழுதிவிடாதீர்கள். என் பெற்றோர் அவரோடு போய்த் திரும்பியிருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை. மதுரையில் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். எந்தக் கம்பெனிக்காரன் அப்படிச் செய்வான்? உரிமம், சான்றிதழ் என்று கேட்டு நல்ல மனிதரின் மனத்தைப் புண்படுத்த வேண்டுமா?

கணக்குப்பிள்ளை

நான் இந்த நாட்டில் பயண முகவர் கடையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

"சின்னக் குழுவுக்குத் தேவையில்லை" என்பது தவறு. விமானமும் தங்குமிடமும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அது 'பேக்கேஜ்'. 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பேக்கேஜ் பயண விதிகள் அதற்குப் பொருந்தும். அதில் விமானமும் இருந்தால், வியாபாரமாக விற்பவர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் அட்டோல் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அல்லது உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றின் முகவராக, எழுத்துமூல ஒப்பந்தத்தோடு விற்க வேண்டும். சின்ன வியாபாரிகளுக்கென்றே, ஆண்டுக்கு 500 பயணிகளுக்குக் குறைவாக விற்பவர்களுக்கு, தனி வகை உரிமமும் இருக்கிறது. ஆகவே "நாங்கள் சின்னவர்கள்" என்ற சாக்கு எடுபடாது.

விலக்கு ஒன்று உண்டு. பேக்கேஜ் விதிகளில், எப்போதாவது, இலாபம் பார்க்காமல், வரையறுக்கப்பட்ட ஒரு குழுவுக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் அந்த விதிகள் பொருந்தாது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ஆண்டுதோறும் போகிறார், வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் விளம்பரம் போகிறது, ரொக்கத்துக்குத் தள்ளுபடி வேறு. அவர் இலாபம் எடுக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மற்ற இரண்டிலேயே அவர் வழுக்குகிறார்.

அந்த 'எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரமாட்டோம்' என்ற வரி இருக்கிறதே, அது செல்லாது. பேக்கேஜ் வாங்கியவர் புறப்படும் முன் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; அமைப்பாளர் நியாயமான கழிவைத்தான் பிடிக்கலாம். அமைப்பாளரே ரத்து செய்தால் 14 நாட்களுக்குள் முழுப் பணமும் திரும்பி வர வேண்டும்.

வெம்ப்ளி வாசகன்

இந்த அட்டோல் என்பது உண்மையில் என்ன? டிக்கெட் ரசீதில் ஒரு முத்திரை பார்த்ததோடு சரி.

கணக்குப்பிள்ளை

1974 ஆகஸ்டில் கோர்ட் லைன் என்ற நிறுவனம் திவாலானது. கிளார்க்சன்ஸ் என்ற பெரிய விடுமுறைப் பயண விற்பனையாளரும் அதன் கையில்தான் இருந்தது. உச்சக் கோடைப் பருவம். பல்லாயிரம் பேர் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டார்கள். இன்னும் பலர் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். உரிம முறை அதற்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் அன்றிருந்த பிணைத்தொகை போதவில்லை. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஒரு காப்பு நிதியை உருவாக்கியது. இன்றைய முறை அதன் வழி வந்தது. உரிமம் பெற்ற நிறுவனம் ஒவ்வொரு பயணிக்கும் 2.50 பவுண்ட் பொது நிதிக்குக் கட்டுகிறது. நிறுவனம் மூழ்கினால், போகாதவர்களுக்குப் பணமும் போனவர்களுக்குத் திரும்பும் வழியும் அந்த ஏற்பாட்டிலிருந்து வரும்.

முத்திரையை யாரும் அச்சடிக்கலாம். அதன் நடுவில் உள்ள எண்தான் முக்கியம். அதை ஆணையத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். வரும் பெயரும் உங்களிடம் பணம் வாங்குபவரின் பெயரும் ஒன்றா, அல்லது இவர் அந்த நிறுவனத்தின் முகவரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் தவணை கொடுத்த உடனே அட்டோல் சான்றிதழ் தர வேண்டும். "புறப்படும்போது தருகிறேன்" என்று சொன்னால் பணத்தையும் புறப்படும்போதே தருவதாகச் சொல்லிவிடுங்கள்.

நெல்லைச்சீமை

தாமஸ் குக்கிடம் எல்லா உரிமமும் இருந்தது. 1841இல் தொடங்கிய கம்பெனி 2019 செப்டம்பர் 23 அன்று காலையில் இல்லை. உரிமம் இருந்து என்ன பயன்?

யாழ்த்தென்றல்

தம்பி, பயன் என்னவென்று மறுநாளே தெரிந்ததே. ஏறத்தாழ 1,50,000 பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்களை ஏற்றிவர வாடகை விமானங்கள் போயின. அட்டோல் பாதுகாப்போடு முன்பதிவு செய்தவர்களுக்குப் பணமும் திரும்பியது. கம்பெனி விழாது என்று உரிமம் ஒருநாளும் உத்தரவாதம் தருவதில்லை. அது விழும்போது நீங்களும் சேர்ந்து விழாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஏப்ரல் 25 அன்று, அவசியமின்றி இலங்கைக்குப் போக வேண்டாம் என்று பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை அறிவித்தது. ஜூன் மாதம்தான் அதைத் தளர்த்தினார்கள். எங்கள் வீட்டில் இரண்டு குடும்பங்கள் அந்த மே மாதம் போக இருந்தோம். அண்ணா குடும்பம் விமானமும் பாசிக்குடா விடுதியும் சேர்ந்த பேக்கேஜ் எடுத்திருந்தது. அவர்களுக்கு முழுப் பணமும் வந்தது. நாங்கள் விமானச்சீட்டைத் தனியாகவும் விடுதியைத் தனியாகவும் எடுத்திருந்தோம். விமானம் வழமைபோல் பறந்துகொண்டுதான் இருந்தது. பறக்கிற விமானத்தில் ஏறாமல் இருப்பது உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டார்கள். காப்புறுதிக்காரரோடு மல்லுக்கட்டித்தான் கொஞ்சம் மீட்டோம். ஒரே நாடு, ஒரே மாதம், ஒரே பயம். வாங்கிய விதம் மட்டும்தான் வேறு.

குமரிமுனை

அப்படியானால் விமானத்தை நாமே நேரடியாக நிறுவனத்தின் தளத்தில் வாங்கிவிட்டு, ஊரில் பஸ்ஸையும் விடுதியையும் நாமே பேசிக்கொண்டால் என்ன? இடைத்தரகரே வேண்டாம் அல்லவா?

கணக்குப்பிள்ளை

செய்யலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்கும் இருக்கைக்கு அட்டோல் கிடையாது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. இலண்டனிலிருந்து மும்பை வழியாகச் சென்னைக்குச் சீட்டு எடுத்து வைத்திருந்த நம்மவர்கள் எத்தனையோ பேர். நேரடியாக வாங்கியவர்களுக்கு அட்டைதான் கதி.

இங்கேதான் கடன் அட்டையின் அருமை தெரியும். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரை விலையுள்ள பொருளுக்குக் கடன் அட்டையில் ஒரு பகுதி கட்டியிருந்தாலும், விற்றவரோடு சேர்ந்து வங்கியும் முழுத் தொகைக்குப் பொறுப்பு. டெபிட் அட்டைக்கு இந்தச் சட்ட உரிமை இல்லை. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க 'சார்ஜ்பேக்' என்று அட்டை நிறுவனங்களின் ஏற்பாடு ஒன்று உண்டு, அதற்குக் காலக்கெடு இருக்கிறது. வங்கிப் பரிமாற்றத்துக்கும் ரொக்கத்துக்கும் இரண்டுமே இல்லை. 40 பவுண்ட் தள்ளுபடிக்காக ரொக்கம் கொடுப்பவர் எதை விற்கிறார் என்று இப்போது புரிகிறதா?

ஒரு நுணுக்கம். அட்டையில் பணம் வாங்கியவரும் உங்களோடு ஒப்பந்தம் செய்தவரும் ஒருவராக இருந்தால்தான் 75ஆம் பிரிவு எளிதாக வேலை செய்யும். நடுவில் முகவர் நின்றால் வங்கி அதையே காரணம் காட்டி நழுவப் பார்க்கும்.

வெம்ப்ளி வாசகன்

எங்கள் தெருவில் உள்ள கடையின் கண்ணாடியில் ஐயாட்டா ஒட்டி இருக்கிறது. அது போதாதா? எல்லோரும் அங்கேதான் டிக்கெட் எடுக்கிறோம்.

கணக்குப்பிள்ளை

ஐயாட்டா என்பது விமான நிறுவனங்களின் சங்கம். அதன் அங்கீகாரம், முகவர் வசூலித்த பணத்தை விமான நிறுவனத்துக்கு ஒழுங்காகக் கட்டுவதற்கான ஏற்பாடு. உங்கள் பணத்துக்கு அது காவல் இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஒட்டுப்படத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

டிக்கெட் மட்டும் வாங்கும்போது பார்க்க வேண்டியது இதுதான். முகவர் பணம் வாங்கியதும் செல்லத்தக்க டிக்கெட்டை உடனே கையில் தந்துவிட்டால் அவருக்கு அட்டோல் தேவையில்லை. உங்கள் ஒப்பந்தம் விமான நிறுவனத்தோடு ஆகிவிடுகிறது. உடனே தராமல் "பிறகு அனுப்புகிறேன்" என்றால் அந்த விற்பனைக்கு அட்டோல் வேண்டும். ஆகவே பணம் கொடுத்த அன்றே இரண்டில் ஒன்று கையில் இருக்க வேண்டும்: டிக்கெட் அல்லது அட்டோல் சான்றிதழ்.

பி.என்.ஆர். என்ற ஆறெழுத்துக் குறியீட்டைக் காட்டி "டிக்கெட் ஆகிவிட்டது" என்பார்கள். அது இருக்கையைப் பிடித்து வைத்திருக்கும் பதிவு மட்டுமே. யாரும் பணம் கட்டாமலே உருவாக்கலாம், கெடு முடிந்ததும் தானாக உதிர்ந்துவிடும். டிக்கெட் எண் 13 இலக்கம். முதல் மூன்றும் விமான நிறுவனத்தின் குறி: ஏர் இந்தியாவுக்கு 098, பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 125, எமிரேட்ஸுக்கு 176, ஸ்ரீலங்கனுக்கு 603. உங்கள் மின்னஞ்சலில் அந்த 13 இலக்கம் இல்லையென்றால் டிக்கெட் இல்லை. விமான நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆரைப் போட்டுப் பார்த்தால் பெயர் வரும். பெயர் வருவதைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள், எண் வருகிறதா என்று பாருங்கள்.

பனங்கிழங்கு

இதை அனுபவித்தவன் நான். கடையின் பெயர் வேண்டாம். தங்கையின் கல்யாணத்துக்கு நான்கு டிக்கெட். பணத்தை எண்ணி வாங்கி, சிவப்பு நிற ரசீதுப் புத்தகத்தில் 'பெய்ட்' என்று எழுதி, பி.என்.ஆரைக் கார்பன் தாளில் குறித்துக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து விமான நிறுவனத்தை அழைத்து உணவு மாற்றக் கேட்டபோது, அப்படி ஒரு பதிவே இல்லை என்றார்கள். விலை இறங்கட்டும் என்று காத்திருந்தாராம் கடைக்காரர், விலை ஏறிவிட்டதாம், ஆளுக்கு 130 பவுண்ட் மேலே கேட்டார். கல்யாண நேரம், சண்டை போடவா முடியும்? கட்டித்தான் போனோம்.

யாழ்த்தென்றல்

இது எங்கள் ஆட்களிடம் மட்டும் நடக்கிற காரியம் இல்லை என்று சொல்லவே ஆசை. ஆனால் ரொக்கமும் முகத்தாட்சணியமும் சேர்ந்த இடத்தில் இது அதிகம். சீட்டுப்பணம் பிடிப்பவரிடம் ரசீது கேட்கக் கூச்சப்படும் அதே பழக்கம்தான்.

நெல்லைச்சீமை

எல்லோரும் சேர்ந்து ஒரு நல்லவரைத் திருடன் ஆக்குகிறீர்கள். அவர் யாரையும் ஏமாற்றியதில்லை.

ஆலோசனை மேசை

நான் நுகர்வோர் ஆலோசனை மையமொன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். நெல்லைச்சீமைக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். அவர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம்.

பேக்கேஜ் விதிகளின்படி, பயணத்தில் அடங்கிய ஒவ்வொரு சேவைக்கும் அமைப்பாளரே பொறுப்பு. விடுதி அறை சொன்னபடி இல்லையென்றாலும், பஸ் பாதியில் நின்றாலும், பஸ் நிறுவனத்தின் கவனக்குறைவால் யாருக்காவது எலும்பு முறிந்தாலும், பயணி கும்பகோணத்தில் வழக்குப் போட வேண்டியதில்லை. இங்கேயே அமைப்பாளர்மீது போடலாம். அவர் நிறுவனமாகப் பதிவு செய்யாமல் சொந்தக் கணக்கில் பணம் வாங்கியிருந்தால் அவருடைய வீடும் சேமிப்புமே ஆபத்தில் இருக்கின்றன. நாற்பது முதியவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இரவில் ராமேஸ்வரம் போகிறார். அவருக்குப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? உரிமம் இன்றி விற்பது குற்றமும்கூட. நள்ளிரவில் உங்கள் அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன மனிதரை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகாமல் இருக்க வேண்டுமென்றால், இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் பணம் கட்டிய மொத்த டிக்கெட் வியாபாரி மூழ்கினால்? அவரே நோய்வாய்ப்பட்டால்? அவருடைய சொந்தக் கணக்கில் இருக்கும் 400 பவுண்டுகள் யாருடையவை என்று அவருடைய பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

விமானத்தை விட்டுவிட்டு ஊர்ச் சுற்றுலாவை மட்டும் விற்கிறேன் என்று அவர் சொன்னாலும் கடமை முழுதாக நீங்காது. பஸ்ஸும் விடுதியும் சேர்ந்தாலே பேக்கேஜ்தான். அட்டோல் வேண்டாம், ஆனால் பிணை, காப்பீடு, அல்லது பயணம் முடியும்வரை பணத்தைத் தொடாத அறக்கட்டளைக் கணக்கு, இவற்றில் ஒன்று வேண்டும்.

நெல்லைச்சீமை

காப்பீட்டைப் பற்றி நான் யோசித்ததில்லை. அவரிடம் நானே பேசுகிறேன். மருதநிலா அக்கா கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

குமரிமுனை

இடையில் ஒரு கேள்வி. திரும்பி வரும்போது சென்னையில் விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் இழப்பீடு உண்டா?

கணக்குப்பிள்ளை

அது வேறு சட்டம். பிரிட்டனிலிருந்து புறப்படும் எந்த நிறுவன விமானத்துக்கும் பொருந்தும். திரும்பி வரும் வழியில் பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால் மட்டும் பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேல், நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதம், காரணம் நிறுவனத்தின் கையில் உள்ளது என்றால் ஆளுக்கு 520 பவுண்ட். சாதாரண இயந்திரக் கோளாறு, இழப்பீட்டிலிருந்து விலக்குத் தரும் 'அசாதாரணச் சூழல்' ஆகாது என்று 2014இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வளைகுடா நாட்டு நிறுவனங்களில் போகிறவர்கள் கவனிக்க: போகும்போது துபாயில் இணைப்பு விமானம் தவறிச் சென்னைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் கேட்கலாம், அதே நிறுவனத்தில் திரும்பும்போது முடியாது. மேற்கொண்டு பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.

மட்டுறுத்துநர்

ஆமாம், தனி இழை. அமைப்பாளர் யாரென்று ஊகிக்க வைக்கும் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

மருதநிலா

நெல்லைச்சீமைத் தம்பிக்கு நன்றி. அவர் பேசிய பிறகு பெரியவரே என்னை அழைத்தார். முதலில் கொஞ்சம் வருத்தம் குரலில் தெரிந்தது. காப்பீட்டைப் பற்றி விவரமாகக் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உரிமம் பெற்ற பயண நிறுவனம் ஒன்றோடு பேசி, இனி அவர்களே விற்பார்கள், தான் வழிகாட்டியாக மட்டும் வருவேன் என்று சொல்லியிருக்கிறார். விலை 1,775 பவுண்ட் ஆகியிருக்கிறது. குழுவில் இதற்கே முணுமுணுப்பு; நான்கு பேர் விலகிவிட்டார்கள், என்னால்தான் விலை ஏறியது என்று ஒருவர் நேரிலேயே சொன்னார். பரவாயில்லை.

இரண்டு சந்தேகங்கள். குறைந்தது 25 பேர் சேர்ந்தால்தான் பயணம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கடைசி நேரத்தில் ரத்து செய்துவிடுவார்களா? மாமியாருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு நாள் வந்துவிட்டால் அவர் இடத்தில் என் நாத்தனார் போக முடியுமா?

ஆலோசனை மேசை

ஆறு நாட்களுக்கு மேற்பட்ட பயணம் என்பதால், ஆள் சேரவில்லை என்ற காரணத்துக்காக ரத்து செய்வதானால் புறப்படுவதற்கு 20 நாட்களுக்கு முன்பாவது சொல்லிவிட வேண்டும், முழுப் பணத்தோடு. விலையை ஏற்றுவதற்கும் அதே 20 நாள் கெடு. அதுவும் எரிபொருள், வரி, நாணய மாற்று போன்ற காரணங்களுக்கு மட்டும், ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டும். ஏற்றம் 8 சதவீதத்தைத் தாண்டினால் நீங்கள் கழிவின்றி விலகலாம்.

நாத்தனார் போகலாம். பேக்கேஜை இன்னொருவர் பெயருக்கு மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. ஏழு நாட்களுக்கு முன் எழுத்தில் சொன்னால் போதும். ஆனால் பெயர் மாற்ற ஆகும் உண்மையான செலவை நீங்கள் கட்ட வேண்டும், விமான டிக்கெட்டில் அது கணிசமாக இருக்கலாம். நாத்தனாருக்கு இந்திய விசா வேண்டுமென்றால் அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

கணக்குப்பிள்ளை

முன்பணத்தைக் கடன் அட்டையில், அந்த நிறுவனத்தின் பெயருக்கே கட்டுங்கள். பெரியவரின் கணக்குக்கு ஒரு பைசாவும் வேண்டாம். அவரும் அதைத்தான் விரும்புவார். பயணக் காப்பீட்டையும் அன்றே எடுத்துவிடுங்கள், புறப்படும் வாரம்வரை தள்ளாதீர்கள். மாமியாரின் முழங்காலை மறைக்காமல் சொல்லி எடுங்கள். சான்றிதழ் வந்ததும் மூவரும் அதில் அடங்கியிருக்கிறார்களா, விமானம் மட்டுமா அல்லது பேக்கேஜ் முழுவதுமா என்று படித்துப் பாருங்கள். 'விமானம் மட்டும்' என்று இருந்தால் திருப்பி அனுப்பி மாற்றி வாங்குங்கள்.

மருதநிலா

சான்றிதழ் இன்று காலையில் வந்தது. 'பேக்கேஜ்' என்றே இருக்கிறது. எண்ணை ஆணையத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன், நிறுவனத்தின் பெயர் சரியாக இருக்கிறது. ஆனால் சின்ன மாமியாரின் பெயரைத் தந்தை பெயரோடு மாற்றிப் போட்டிருக்கிறார்கள். திருத்தக் கேட்டு எழுதிவிட்டேன்.